உட்கார்ந்த வேலை

அந்தச் செருப்புக் கம்பெனியில் ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனால், அந்தச் சேதி முதலில் போய்ச் சேருவது புருஷனுக்கு இல்லை, மேஸ்திரிக்கு. புருஷனிடம் சொன்னால் என்ன கிடைக்கும்? ஒரு சிரிப்பு கிடைக்கும். மேஸ்திரியிடம் சொன்னால் உட்கார ஒரு ஸ்டூல் கிடைக்கும். எட்டு மணி நேரம் நின்ற கால் நின்றபடி வேலை பார்க்கிறவளுக்கு எது பெரிது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஃபினிஷிங் செக்‌ஷன் என்று அதற்குப் பெயர். தகரக் கூரை போட்ட நீளக் கூடம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். ஒட்டி முடித்த ஷூக்கள் அதில் வரிசையாக ஓடிவரும். ஒருத்தி பிசிறு வெட்டுவாள், ஒருத்தி துடைப்பாள், ஒருத்தி நாடா கோப்பாள், கடைசியில் நிற்பவள் பெட்டியில் போட்டு மூடுவாள். பெல்ட் யாருக்காகவும் நிற்காது. மூக்கு அரித்தால் ஒரு ஜோடியைத் தவறவிட்டுத்தான் சொறிய முடியும். கோடையில் கூரையிலிருந்து இறங்கும் அனலில் ரத்தமெல்லாம் காலுக்கு வந்துவிட்டதுபோல வீங்கி, சாயங்காலம் போட்டுவந்த செருப்பு காலில் ஏறாது. செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பெண்கள் அங்கே நிறையப் பேர்.

கூடத்தின் கோடியில் ஒரு கதவு உண்டு. அதற்குள் பேஸ்டிங் ரூம். தாழ்வான மேசை, பன்னிரண்டு ஸ்டூல். மேல்தோலையும் அடி அட்டையையும் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற இடம் அது. மஞ்சள் பசையைக் காலி பிஸ்கட் டப்பாக்களில் ஊற்றிக் கொடுப்பார்கள். பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுத் தடவ வேண்டும். ஜன்னலைத் திறக்கக் கூடாது. தூசி வந்து ஈரப் பசையில் உட்கார்ந்தால் அந்த ஜோடி கழிசல். மேலே ஒரு காற்றாடி இருக்கிறது, அது சுற்றிப் பார்த்தவர்கள் யாரும் இப்போது வேலையில் இல்லை. முதல் வாரம் மண்டை வெடிக்கும். மூன்றாம் வாரம் வாடையே தெரியாது. பழகிவிட்டது என்பார்கள். மூக்குதான் பழகியது, மற்றதெல்லாம் என்ன ஆனது என்று எவன் பார்த்தான்?

பிள்ளைத்தாய்ச்சிகளை அந்த அறைக்கு மாற்றுவது அந்தக் கம்பெனியின் வழக்கம். அதை வாங்கிக்கொடுத்தவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். பட்டப்பெயர்தான். படித்தது எட்டாம் வகுப்பு, வாயோ ஹைகோர்ட்டு வரைக்கும் போகும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மாசமாக இருந்த ஒரு பெண் மயங்கி பெல்ட்டின் மேலேயே விழுந்தபோது, வக்கீலம்மா நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு முதலாளியின் மாடிக்குப் போனாள். பெல்ட் பக்கத்தில் ஸ்டூல் போடுங்கள் என்றுதான் கேட்டாள். பெல்ட்டின் உயரம் நிற்கிறவர்களுக்கானது, அங்கே ஸ்டூல் சரிப்படாது என்றார் முதலாளி. பிறகு கொஞ்சம் யோசித்து, தனக்கும் அக்கா தங்கை உண்டு, மூன்றாம் மாசத்திலிருந்து பேஸ்டிங் ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும், சம்பளத்தில் கை வைக்க மாட்டேன் என்றார். கை தட்டினார்கள். அன்றைக்கு வக்கீலம்மாவுக்கும் மூன்றாம் மாசம். முதல் ஸ்டூலில் உட்கார்ந்தது அவள்தான். அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்ச நஞ்சமில்லை.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் அவளும் அவள் தம்பி மனைவியும் பெட்டி அடுக்கின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே செக்‌ஷன், ஒரே வீட்டின் கீழும் மேலும் குடித்தனம், ஒரே தூக்கில்தான் சாப்பாடு. தம்பி மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே, மேஸ்திரியிடம் காலையில் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். கல்யாணமாகி நாலு வருஷம், இரண்டு தடவை நின்று கலைந்து, இப்போது மூன்றாம் மாசம் பிறந்திருக்கிறது. அவள் முகத்தில் அப்படி ஒரு களை.

"திங்கக்கெழமையிலிருந்து எனக்கும் உட்கார்ந்த வேலைதான் அண்ணி. உங்க புண்ணியம்."

வக்கீலம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. தன் பங்கு முட்டையையும் அவள் தட்டிலேயே வைத்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவும், உனக்கு யார் தந்தார்கள், உள்ளே இருக்கிற என் மருமகப்பிள்ளைக்குத் தந்தேன் என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை அரைநாள் லீவு. மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

மகளுக்கு எட்டு வயது. வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள். சிரித்தால் வீடே சிரிக்கும். ஆனால் சட்டைப் பொத்தான் போட வராது. பென்சிலைப் பிடித்தால் கை நடுங்கும், கோடு எங்கேயோ போகும். இப்போது சொன்னதை இப்போதே மறப்பாள். ஒன்றாம் வகுப்பில் மூன்றாவது வருஷம். பள்ளிக்கூடத்தில் டீச்சர், வீட்டில் பேசிப் பழக்குங்கள் என்றார். பேசிப் பழக்குவதா? வக்கீலம்மா வீட்டில் பேச்சுக்கா பஞ்சம்? புருஷன் வேன் ஓட்டுகிறவர், தங்கமான மனுஷன். அவரே ஒருநாள் பொறுக்க முடியாமல், மாசமா இருக்கும்போது கண்ட மாத்திரையையும் முழுங்கினியே என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அவரே அழுதார்.

மாத்திரை முழுங்கியது உண்மைதான். அந்த ஆறு மாசமும் அவளுக்குத் தீராத தலைவலி. கடையில் வாங்கி வாரத்துக்கு ரெண்டு மூன்று போட்டிருப்பாள். எட்டு வருஷமாக அந்த மாத்திரைகளைத்தான் அவள் மனசுக்குள் மறுபடி மறுபடி முழுங்கிக்கொண்டிருந்தாள். ஊரையே கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறவள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எதிர்வாதம் இல்லாமல் தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நிறுத்தியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் வளர்ச்சி குறைந்த பிள்ளைகளைப் பார்க்கிற பிரிவுக்கு வியாழக்கிழமை மட்டும்தான் டாக்டர். பெஞ்சில் இடம் தேடும்போது, "ஏ வக்கீலு" என்று ஒரு குரல். பார்த்தால் சோடாபுட்டி. கண்ணாடி அத்தனை கனம் என்பதால் அந்தப் பெயர். நாலு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியை விட்டுப் போனவள். மடியில் அஞ்சு வயசுப் பையன். அவன் இன்னும் வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, பிறக்கும்போதே எடை குறைவு என்றாள்.

இரண்டு பேரும் ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்கள். சோடாபுட்டி சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னாள், போன மாதம் இதே பெஞ்சில் நம்ம கம்பெனியில் நாடா கோத்துக்கொண்டிருந்த நெட்டையைப் பார்த்தேன், அவள் பொண்ணுக்கும் இதே மாதிரிதான் என்று. வக்கீலம்மா கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"நீ மாசமா இருக்கும்போது எங்க இருந்த?"

"எங்க இருப்பேன்? நீ வாங்கிக் குடுத்த ஸ்டூல்லதான்."

"நெட்டை?"

"எனக்குப் பக்கத்து ஸ்டூலு."

சோடாபுட்டி சிரித்துக்கொண்டே சொன்னவள், வக்கீலம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். பையன் கண்ணாடியைப் பிடுங்க வந்ததைக்கூட அவள் தடுக்கவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு. வழக்கம்போலப் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டாள். சொந்தத்தில் கல்யாணமா, மாசமாக இருக்கும்போது காய்ச்சல் வந்ததா, என்ன சாப்பிட்டீர்கள், மாத்திரை ஏதாவது போட்டீர்களா. வேலையைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. பொம்பளை என்றால் வாயும் வயிறும்தான், அவள் மூச்சு விடுகிற இடம் என்று ஒன்று இருக்கிறது என்பது அந்தப் படிவத்தை அச்சடித்தவனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

தலைவலி மாத்திரை போட்டேன் என்று வக்கீலம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். எப்போது வலிக்கும் என்று கேட்டாள் டாக்டரம்மா. வேலைக்குப் போனால் வரும், ஞாயிற்றுக்கிழமை வராது என்றாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். என்ன வேலை, என்ன பசை, ஜன்னல் உண்டா, எத்தனை மாசம் என்று அதற்கப்புறம்தான் கேட்டாள். வக்கீலம்மாவின் கையை வாங்கி விரல் நுனிகளை ஊசியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வலது கையில் மூன்று விரலில் ஊசி பட்டது தெரியவே இல்லை. வயசாகிறது, மரத்துப்போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வயசு முப்பத்தாறு.

"இதனாலதான் உங்க பொண்ணுக்கு இப்படின்னு என்னால எழுதித் தர முடியாதும்மா. ஒரு குழந்தைய வெச்சு அப்படிச் சொல்ல முடியாது. வேற காரணமும் இருக்கலாம். ஆனா அந்தப் பசையில இருக்கிற ஆவி உங்க மூச்சுல போனா ரத்தத்துல போகும், ரத்தத்துல இருந்து குழந்தைக்குப் போகும். வளர்ற மூளைக்கு அது ஆகாது. உங்க நரம்புக்கும் ஆகாது. இது ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. டிரம்மு மேலயே போட்டிருக்கணுமே, நீங்க பாத்ததில்லையா?"

"எங்களுக்கு பிஸ்கட் டப்பாவுல ஊத்தித்தான் தருவாங்க."

டாக்டரம்மா அதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு, அந்தத் தலைவலி மாத்திரையால் இப்படி ஆகியிருக்காது என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்து குருவிக்கு ரொட்டி வாங்கிக்கொடுத்துவிட்டு, நடைபாதையில் அப்படியே குந்திவிட்டாள் வக்கீலம்மா. எட்டு வருஷம். எட்டு வருஷமாக ராத்திரியும் பகலும் தன் வாயைத் திட்டிக்கொண்டிருந்தாளே. அந்தத் தலைவலியைக் கொடுத்தவன் மாடியில் உட்கார்ந்து, எனக்கும் அக்கா தங்கை உண்டு என்று சொன்னானே. அதற்கு இவள் கும்பிடு வேறு போட்டாள். அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் மாடி ஏறிப்போய்த் தம்பி மனைவியிடம் சொன்னாள். அவள் கால்களை வெந்நீர் வாளியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் எது, கால் எது என்று தெரியாத வீக்கம். நாத்தனார் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க உட்கார்ந்தீங்க. ஊர்ல இருக்கிறவளெல்லாம் உட்கார்ந்தா. எனக்கு மட்டும் கூடாதா அண்ணி?"

"நான் உட்கார்ந்ததுக்குத்தான் கீழ பாரு, குருவி பொத்தான் போடத் தெரியாம நிக்குது."

"டாக்டரே எழுதித் தர முடியாதுன்னாங்கன்னு நீங்கதான சொல்றீங்க? நின்னு நின்னு ரெண்ட விட்டுட்டேன். இதையும் நின்னு விடச் சொல்றீங்களா?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? நின்றால் ஒரு பயம், உட்கார்ந்தால் ஒரு பயம். ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்தக் கட்டடத்தில் நல்ல காற்றோடு ஒரு ஸ்டூல் போடக் கதியில்லாமல், இதுவா அதுவா என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? காலைத் துடைத்துவிடத் துணியை எடுத்தாள் வக்கீலம்மா. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பெல்ட் ஓடுவதற்கு முன்னால் வக்கீலம்மா தம்பி மனைவியின் கையைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்டோர்க்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். டிரம்மெல்லாம் வரிசையாக நின்றன. எல்லாம் ஒட்டின காகிதம் சுவரைப் பார்த்தபடி. இடுப்பைக் கொடுத்து ஒரு டிரம்மைத் திருப்பினாள். சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு ஆள் உருவம், அதன் நெஞ்சில் ஏதோ வெடித்துச் சிதறின மாதிரி ஒரு படம். கீழே நாலு மொழியில் பொடி எழுத்து. தமிழும் இருந்தது.

"நீயே படி. நான் படிச்சா நம்ப மாட்ட."

தம்பி மனைவி குனிந்து, விரலை ஓட்டி ஓட்டி வாய்விட்டுப் படித்தாள். காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் பயன்படுத்தவும். ஆவியைச் சுவாசிக்க வேண்டாம். நீண்ட நாள் சுவாசித்தால் நரம்புகள் பாதிக்கப்படலாம். கருவில் உள்ள குழந்தைக்குத் தீங்கு. அந்த இடத்தில் அவள் குரல் நின்றது. கை தானாகவே வயிற்றுக்குப் போனது.

மேஸ்திரி வாசலில் வந்து நின்றார். கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்ல முடியாது. அவர் பெண்டாட்டிகூட முதல் பிள்ளைக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவள்தான். இங்கே என்ன வேலை என்றார். வக்கீலம்மா டிரம்மைத் தட்டிக் காட்டினாள். இது தெரியுமா என்று கேட்டாள். எல்லா டிரம்மிலும் எதையாவது போட்டுத்தான் வைப்பார்கள், வார்னிஷ் டப்பாவில்கூடத்தான் போட்டிருக்கிறது, அதையெல்லாம் பார்த்தால் வேலை நடக்குமா என்று பூசி மெழுகினார். அவள் விடவில்லை. ஏன் எல்லாம் சுவரைப் பார்த்து நிற்கிறது என்று கேட்டாள். மேஸ்திரி பேச்சை அவள் மேலேயே திருப்பினார்.

"நீதானம்மா மேல போய் சண்ட போட்டு இந்த ரூமைக் கேட்டு வாங்குன? இப்ப என்னைக் கேட்டா?"

"ஆமா, நான்தான் கேட்டேன். உட்கார இடம் கேட்டேன். விஷம் கேக்கல."

மேஸ்திரி குரலைத் தணித்தார். சரி, பிள்ளைத்தாய்ச்சிகளை இனிமேல் உள்ளே விட வேண்டாம், புதிதாக வந்திருக்கிற கல்யாணமாகாத பிள்ளைகளை உள்ளே போட்டுவிடலாம், விஷயத்தைப் பெரிதாக்காதே என்றார். வக்கீலம்மாவுக்கு வந்ததே கோபம். அந்தப் பிள்ளைகளுக்கு நரம்பு இல்லையா, நாளைக்கு அவர்களுக்கு வயிறு வராதா, ஒருத்தி வாயிலிருந்து எடுத்து இன்னொருத்தி வாயில் ஊற்றுவதற்கா நான் வந்தேன் என்று கேட்டுவிட்டு, அவரைத் தாண்டிக்கொண்டு நேரே பேஸ்டிங் ரூமுக்குப் போனாள். தம்பி மனைவி பின்னாலேயே போனாள்.

கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. எட்டு வருஷம் கழித்து உள்ளே வருகிறவளுக்கு நன்றாகவே தெரிந்தது. பன்னிரண்டு பேர். அதில் மூன்று பேர் பிள்ளைத்தாய்ச்சிகள். ஓரத்தில் ஒல்லி என்று ஒருத்தி, எட்டாம் மாசம், உடம்பெல்லாம் வற்றி வயிறு மட்டும் முன்னால் நின்றது. தலையைச் சுற்றி ஈரத்துணி கட்டியிருந்தாள். தலைவலியாம்.

வக்கீலம்மா சொன்னாள். சுற்றி வளைக்காமல், டாக்டரம்மா சொன்னதை, அவள் எழுதித் தர முடியாது என்றதையும் சேர்த்து, டிரம்மில் இருந்ததை, சோடாபுட்டியின் பையனை, நெட்டையின் மகளை, குருவியை. தெரியாமல் நான்தான் உங்களை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தேன் என்றும் சொன்னாள்.

ஒருத்தி நம்பவில்லை. என் முதல் பிள்ளை நல்லாத்தானே ஓடுது என்றாள். இன்னொருத்தி, ஸ்டூலைப் பிடுங்க மேஸ்திரியோடு சேர்ந்து கிளம்பிவிட்டாயா என்று சண்டைக்கு வந்தாள். அப்போது தம்பி மனைவி முன்னால் வந்தாள். திங்கட்கிழமை இந்த ஸ்டூலுக்கு வரவேண்டியவள் நான், நேற்று சாயங்காலம் என் நாத்தனாரை நானே வாய்க்கு வந்தபடி பேசினேன், இப்போது என் கண்ணால் படித்துவிட்டு வருகிறேன் என்றாள். பேசிக்கொண்டே ஒரு ஸ்டூலைத் தூக்கினாள். வக்கீலம்மா அதைப் பிடுங்கித் தான் தூக்கிக்கொண்டாள்.

பெல்ட் ஓட ஆரம்பித்திருந்தது. வக்கீலம்மா ஸ்டூலைக் கொண்டுபோய்த் தன் இடத்தில் போட்டு, தம்பி மனைவியை உட்கார வைத்தாள். உட்கார்ந்தால் பெல்ட் அவள் தாடைக்கு வந்தது. ஷூக்கள் கண்ணுக்கு நேராக ஓடின. பேஸ்டிங் ரூமிலிருந்து ஒவ்வொருத்தியாக ஸ்டூலோடு வெளியே வந்தார்கள். சண்டைக்கு வந்தவள் கடைசியில் வந்தாள், முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தாள். பெல்ட்டின் இருபுறமும் நின்றவர்கள் கத்தரியையும் துணியையும் கீழே வைத்தார்கள். எடுக்க ஆளில்லாமல் ஷூக்கள் கோடிவரை போய்த் தொப்புத் தொப்பென்று தரையில் விழுந்து குவிந்தன. மேஸ்திரி ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார்.

அந்தக் கூடத்தை அத்தனை அமைதியாக யாரும் பார்த்ததில்லை. ஒல்லி ஸ்டூலில் உட்கார்ந்து, தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், எல்லார் காதிலும் விழுந்தது.

"அஞ்சு மாசமா உள்ளதான் இருந்தேன் அக்கா. இனி எந்திரிச்சு வந்து என்ன? என் புள்ளைக்கு என்ன ஆகும்?"

கூடத்தில் இருந்த நாற்பது பேரும் வக்கீலம்மாவின் வாயைப் பார்த்தார்கள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய். அவள் ஒல்லியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியலடி. நல்லாவும் பொறக்கலாம். நிறையப் பேருக்கு நல்லாத்தான் பொறந்திருக்கு. உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ல வாய் வருது, ஆனா சொல்ல மாட்டேன். பொய் சொல்லித்தான் நம்மள அந்த ரூம்ல உட்கார வெச்சாங்க. இன்னைல இருந்து அந்த ஆவி ஒரு மூச்சுகூட உனக்குள்ள போகாது, அது மட்டும் என் பொறுப்பு. நீ கேட்ட கேள்வி இருக்கே, அதை என்னைக் கேக்காத. காசு குடுத்து அந்த டிரம்ம வாங்குனவன் மேல இருக்கான். அவனைக் கேளு. வா."

ஒல்லி எழுந்தாள். மாடிப்படி செங்குத்தானது, ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் தம்பி மனைவியின் தோளையும் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். பின்னால் வந்த நாற்பது பேரும் அவள் ஏறுகிற வேகத்துக்கே ஏறினார்கள். மேஸ்திரி அவர்களை முந்திக்கொண்டு மேலே ஓடி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து கதவை மறித்து நின்றார்.

"முதலாளி டிபன் சாப்பிட்டுட்டு இருக்காரு. இப்ப பாக்க முடியாது."

"நல்லா சாப்பிடட்டும்," என்றாள் வக்கீலம்மா. "நாங்க உட்கார்ந்திருக்கோம்."

ஒல்லியைக் கதவுக்கு நேரே மேல்படியில் உட்கார வைத்தாள். அவளுக்குக் கீழே ஒரு படிக்கு மூன்று பேராக, அடிப்படி வரைக்கும் எல்லாரும் உட்கார்ந்தார்கள்.